நோட்டில் எழுதிய பருப்பு



போன வாரம் பேத்தியோடு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். "தாத்தா, சீனி நம்ம தெருக் கடையவிட கம்மி!" என்றாள். வரலாற்று வாத்தியாருக்கு இது போதாதா? அவளுக்கு நடத்திய பாடம் உங்களுக்கும்.

என் சிறுவயதில் செல்லூர் முழுக்கத் தறிச் சத்தம். அப்பாவுக்குச் சனிக்கிழமைதான் கூலி. அதுவரை அண்ணாச்சி பலசரக்குக் கடையில் நோட்டில் எழுதித்தான் எல்லாம். ஒருநாள் அம்மா, "அடுத்த தெருவுல துவரம்பருப்பு குறைவாமே" என்று கேட்டுவிட்டார். "அங்கிட்டே வாங்கிக்கங்கம்மா. நோட்டை மட்டும் முடிச்சிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. அம்மா பேசாமல் அதே பருப்பை வாங்கி வந்தார். கடைகளுக்குள் போட்டி இருந்தது. கடன்காரருக்கு அது எட்டவில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் உண்டு. 1904-லேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வாங்குபவர்களே கடைக்கு உரிமையாளர்கள். 1966-இல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி ஏறியபோது டெல்லியில் சூப்பர் பஜார் வந்தது. மதுரையில் பாண்டியன் கூட்டுறவு அங்காடி நமக்குத் தெரிந்ததே.

1990-இல் பொட்டலப் பொருள்களில் வரி உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. அது உச்சவரம்புதான், அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தும் விற்கலாம். 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்‌ஷா இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது. மொத்தமாக வாங்கி, அச்சிட்ட விலைக்குக் கீழே விற்றார்கள். நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, பணப்புழக்கம் வற்றி 2009-இல் மூடிப்போனது. விலையைக் குறைப்பவருக்கும் முதல் நிற்க வேண்டுமல்லவா?

காய்கறிக்கு அச்சிட்ட விலை ஏது? அதற்கு வழிகாட்டியது நம்மூர். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லை; அன்றன்றைய விலை பலகையில். அதைப் பார்த்துவிட்டு வருபவரிடம் வெளிக்கடைக்காரர் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது.

பேத்திக்குச் சொன்னது இதுதான்: சீனி, எண்ணெய் விலை எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் பெரிய கடைகள் அவற்றில்தான் மோதும். நாம் விலை ஒப்பிடாத சாமானில் குறைப்பு இருக்காது. ஆகவே முழுப் பில்லையும் பார்.

இன்னொன்றையும் சொன்னேன். 2020 ஊரடங்கில் கூலி நின்றபோது எங்கள் தெருவில் நோட்டில் எழுதிச் சாமான் கொடுத்தவர் அதே அண்ணாச்சியின் மகன். பெரிய கடையில் அந்த நோட்டு கிடையாது. அம்மா அன்று பேசாமல் திரும்பியதை நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன். இரண்டு கடையும் இருக்கட்டும் என்பதே என் ஆசை.

யார் வீட்டிலாவது பழைய பலசரக்கு நோட்டு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அன்றைய விலையைச் சேர்ந்து படிப்போம்.