தூக்க மாத்திரையின் கதை: 1869 முதல் 2016 வரை

ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு இந்த பாட்காஸ்ட்டைக் கேட்கிறவங்க உங்கள்ல நிறைய பேர் இருக்கீங்கன்னு மெசேஜ்ல சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு எபிசோடு உங்களுக்குத்தான். எனக்கும் இது ஆறாவது வருஷம். வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதமோ அதுக்கு மேலயோ நீடித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். நம்மள மாதிரி ஆட்களைத் தூங்க வைக்க மனுஷன் என்னவெல்லாம் செஞ்சு பார்த்தான்? அதுதான் கதை.

1869. பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ் என்ற ஆய்வாளர் குளோரல் ஹைட்ரேட் என்ற வேதிப்பொருளைத் தூக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார். அது உடம்புக்குள் போய் குளோரோஃபார்மாக மாறி மெதுவாக மயக்கும் என்பது அவர் கணக்கு. அது குளோரோஃபார்மாக மாறவில்லை. ஆனால் தூக்கம் வந்தது. லாஜிக் தப்பு, அவுட்புட் சரி. நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இந்த சந்தோஷம் நல்லாவே தெரியும்! ஆனால் மருந்து பழகிவிட்டால் விடுவது கஷ்டம். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டி தூக்கத்துக்காக ஆரம்பித்து அதற்கு அடிமையானார்.

1903. நோபல் பரிசு வாங்கி ஒரு வருடமே ஆகியிருந்த எமில் ஃபிஷர், ஜோசஃப் ஃபான் மெரிங்குடன் சேர்ந்து வெரோனால் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். பார்பிட்யூரேட் குடும்பத்தின் முதல் தூக்க மருந்து அதுதான். இந்தக் குடும்பத்தின் பெரிய சிக்கல், தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

அதனால் அடுத்து வந்த மருந்துக்கு "பாதுகாப்பானது" என்பதே விளம்பரம் ஆனது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் கான்டர்கன் என்ற பெயரில் தாலிடோமைட் விற்பனைக்கு வந்தது. டாக்டர் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கலாம். தூக்கத்துக்காகவும் மசக்கை வாந்திக்காகவும் கர்ப்பிணிகளும் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் கை, கால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். 1961 நவம்பரில்தான் ஜெர்மனியில் அது கடைகளில் இருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அரசு மருந்து அதிகாரி, கொடுத்த ஆதாரம் போதாது என்று திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு அனுமதியை நிறுத்தியே வைத்தார். கோட் ரிவ்யூல அப்ரூவ் பண்ணாத ஒருத்தர் எத்தனை உயிரைக் காப்பாத்த முடியும்னு யோசிச்சுப் பாருங்க.

1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம். பார்பிட்யூரேட் அளவுக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் நாள்பட எடுத்தால் இவற்றையும் சட்டென்று நிறுத்த முடியாது என்பது போகப்போகத்தான் எல்லோருக்கும் புரிந்தது. ஒவ்வொரு மாத்திரையும் முந்தையதோட பக்-ஐ சரி பண்ணுது. தன்னோட பக்-ஐ ரிலீஸுக்கு அப்புறம்தான் காட்டுது.

கேள்வியையே மாற்றியவர்கள் உளவியலாளர்கள். 1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்கர் மூளையை விட்டுவிட்டுப் படுக்கையைப் பார்த்தார். மணிச் சத்தம் கேட்டால் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறுகிற மாதிரி, படுக்கையைப் பார்த்தாலே சிலருக்குக் கவலை ஊறப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுங்கள். வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பகலில் குட்டித் தூக்கம் வேண்டாம்.

1987-ல் ஆர்தர் ஸ்பீல்மன் இன்னும் ஒரு படி போனார். ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவருக்கு, படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அவர் சொன்ன காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தூக்கமின்மையை ஆரம்பித்து வைத்த காரணம் வேறு, அதை ஓட வைக்கிற காரணம் வேறு. வேலை போனது, துக்கம், பரீட்சை எல்லாம் முடிந்துபோயிருக்கும். விட்ட தூக்கத்தைப் பிடிக்கணும்னு எட்டு மணிக்கே படுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை புரள்றது, இதெல்லாம்தான் மிச்சக் கதையை நடத்தும்.

2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில், பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இந்த வகைப் பழக்கவழக்கச் சிகிச்சைதான், மாத்திரை அதற்குப் பிறகுதான் என்றது. குளோரலில் இருந்து இங்கே வர 147 வருடம். ஆனாலும் இது பரவலாகத் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சீட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், சில வாரங்களும் வேண்டும்.

நான் டாக்டர் மேற்பார்வையில இதைச் செஞ்சேன். முதல் ரெண்டு வாரம் கொடுமை. ராத்திரி ஒரு மணிக்கு ஹால் சேர்ல சும்மா உட்கார்ந்திருக்கிறது வைராக்கியமான வேலை. இப்பவும் தூங்காத ராத்திரி வருது. ஆனா அதுக்குப் பயந்து ஏழு மணியிலிருந்தே கணக்குப் போட ஆரம்பிக்கிறது நின்னுடுச்சு. ஆறு வருஷத்துல எனக்குக் கிடைச்ச பெரிய விடுதலை அதுதான்.

ஒரு விஷயம் கவனமா கேளுங்க. வலிப்பு, பைபோலார் உள்ளவங்களும் ராத்திரி வண்டி ஓட்டுறவங்களும் தூக்க நேரத்தைக் குறைக்கிற முறையைத் தானா ஆரம்பிக்கக் கூடாது. மாத்திரை எடுக்கிறவங்க இதைக் கேட்டுட்டு நாளைக்கே நிறுத்திடாதீங்க. எப்படிக் குறைக்கிறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அவர்கிட்ட இந்தச் சிகிச்சை பத்தியும் சேர்த்தே கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.