கனடாவிற் காத்திருந்தோர்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோவிட் பெருந்தொற்றுக் கனடாவிற் பரவியபொழுது, அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை மாகாணங்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒத்திவைத்தன. அந்நாட்டிலே வைத்தியசாலைப் பொறுப்பு மாகாணங்களுக்கே உரியது. ஆதலால், கட்டளை ஒத்திருந்தும் விளைவு ஒத்திருக்கவில்லை.

அத்திலாந்திக் கரையின் நான்கு சிறு மாகாணங்களும் வெளியாரைத் தனிமைப்படுத்தி நோயைப் பெரிதும் தடுத்தன. ஆயினும் அவற்றுள் ஒன்றான நோவா ஸ்கோஷியாவில், பெருந்தொற்றுக்கு முன்னரே முழங்கால் மாற்றுக்கு நெடுங்காலம் காத்திருக்கவேண்டியிருந்தது. தமிழர் பெருந்தொகையினராய் வாழும் ஒன்ராறியோவிலோ 2021 ஏப்பிரிலிலும் 2022 சனவரியிலும் மீண்டும் தடை வந்தது. 2021 கோடையிற் கட்டுப்பாடுகளை நீக்கிய சஸ்காச்சுவான், ஒற்றோபரிலே தன் கடும் நோயாளரை விமானமூலம் ஒன்ராறியோவுக்கு அனுப்ப நேர்ந்தது. சத்திரசிகிச்சைக்கூடத் தாதியர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு மாற்றப்பட்டனர். கட்டிலைவிடக் கைகளே அரிதாயின.

சி.ரி., எம்.ஆர்.ஐ. படப் பரிசோதனைகளும் தேங்கின. ஒவ்வொருவருக்குப் பின்னும் இயந்திரத்தைத் துப்புரவாக்கவேண்டியிருந்தமையால், ஒரு நாளிற் பார்க்கக்கூடியோர் தொகை குறைந்தது. படமின்றிப் பல நோய்கள் துணியப்படா. துணியப்படாத நோய் சத்திரசிகிச்சைப் பட்டியலில் ஏறாது. எனவே, ஒரு மாகாணத்தின் பட்டியல் குறுகியிருந்தமையை நலத்தின் அறிகுறியென்று கொள்ளுதல் பொருந்தாது. மாகாணங்களை ஒப்பிட்டோர் பலர் இதனைக் கவனித்தாரல்லர்.

முதல் 22 மாதங்களில் நாடெங்கும் வழமையிலும் ஏறத்தாழ 6 இலட்சம் சத்திரசிகிச்சைகள் குறைவாகவே நடந்தன. கண்புரை நோயாளரும் மூட்டு மாற்றுக்குரிய முதியோரும் அவ்வரிசையில் நின்றனர்.