அரசர் தின்ற குருத்து

ரோமாபுரியை ஆண்ட அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு ஒரு காரியம் வெகு சீக்கிரம் நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், அஸ்பராகஸ் வேகும் நேரம்கூட ஆகவில்லை என்பாராம். சுவிட்டோனியஸ் என்ற சரித்திராசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த அஸ்பராகஸ், நம் ஊர்த் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவுமுறை. நாம் தண்ணீர்விட்டானின் கிழங்கை மருந்தாக்குகிறோம். ஐரோப்பியர் அஸ்பராகஸின் இளங்குருத்தைக் கறியாக்குகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு அதன்மேல் அபாரப் பிரியம். அரண்மனைத் தோட்டக்காரர் லா கேந்தினி, எருவின் சூட்டைக் கொண்டு பனிக்காலத்திலேயே அதை முளைக்க வைத்து மன்னரை மகிழ்வித்தார்.

மன்னர்கள் கண்டது ருசி. குருத்துக்குள் ஒளிந்திருந்த பெரிய குணத்துக்குத் துப்புக் கிடைத்தது எங்கே தெரியுமா? நம் பம்பாயில், பஞ்சாலைத் தொழிலாளிகளின் குடும்பங்களில்!

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் அங்கே வந்தார். ஏழைக் கர்ப்பிணிகள் ரத்தம் வற்றி, வெளுத்து, மாண்டு போவது ஏன்? அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். காயும் கனியும் அபூர்வம். ஈஸ்டிலிருந்து எடுத்த சத்தைக் கொடுத்தார். வெளுத்த முகங்களில் ரத்தம் ஊறியது. 1931-இல் இதை உலகுக்கு அறிவித்தார். அது என்ன சத்து? 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக்கீரையைச் சாறாக்கி ஒரு பொருளைத் திரட்டி, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. பம்பாய்த் தாய்மார்களைக் காத்த சத்து அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

வேகவைத்த அஸ்பராகஸ் 100 கிராமில் அது ஏறக்குறைய 150 மைக்ரோகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 வேண்டும், கர்ப்பிணிக்கு 600. கருத்தரிக்கும் முன்பிருந்தே இதை மாத்திரையாகக் கொடுத்தால், சிசுவின் முதுகுத்தண்டில் நேரும் பிறவிக் கோளாறு பெரும்பாலும் தடைபடும் என்று 1991-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

தண்ணீரில் நெடுநேரம் கொதித்தால் இந்தச் சத்து கரைந்துவிடும். அகஸ்டஸின் சமையற்காரர் விஷயம் அறியாமலே சரியாகத்தான் சமைத்திருக்கிறார்!

அஸ்பராகஸ் விலை அதிகம் என்று நம் வீட்டுப் பெண்கள் கவலைப்பட வேண்டாம். மன்னர் தட்டிலிருந்த அந்தச் சத்து நம் கீரையிலும் பச்சைப் பயறிலும் இருக்கிறது. வெந்த நீரை மட்டும் கீழே கொட்டிவிடாதீர்கள், ரசத்தில் சேருங்கள்.