கார் வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா? சால்டரிங் கற்றுக்கொள்ள ஒரு எளிய வழிகாட்டி

புது ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம் என எதை வாங்கினாலும் ஆக்சஸரிஸ் கடையில் அரை மணி நேர வேலைதான். காரில் ஏற்கெனவே இருக்கும் வயரின் தோலைச் சீவி, புது வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே எரியும். இரண்டு கோடை கழிந்ததும் டேப்பின் பசை இளகும், செம்புக் கம்பி கறுக்கும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் லைட் மினுக்கும்.

'மினுக்கினால் என்ன, எரியுதே' என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது. கார் தீப்பிடித்த செய்திகளில் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லோடு காரணம் முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்களில் ஒன்று, இப்படிப்பட்ட ஒரு தளர்ந்த இணைப்பு.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றாது?

ஒரு சின்னக் கணக்கு. 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் (9 × 9 × 0.1) சுமார் 8 வாட் வெப்பம் வரும்.

8 வாட் கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால், ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம், விரல் நுனி அளவு இடத்தில், டேப்புக்குள் அடைபட்டு, வண்டி ஓடும் நேரமெல்லாம் வெளிப்படுகிறது. சாதாரண பிவிசி டேப்புகள் பெரும்பாலும் 80 டிகிரி செல்சியஸ் வரைக்குமானவை.

இதில் ஃபியூஸ் உருகவே உருகாது. ஃபியூஸுக்குத் தெரிந்தது கரண்டின் அளவு மட்டும்தான். இங்கே கரண்ட் கூடவில்லை. இணைப்பின் மின்தடைதான் கூடியிருக்கிறது. ஆகவே, இணைப்பைச் சரியாகப் போடுவது ஒன்றே வழி.

சால்டரிங் என்ன செய்கிறது?

அகராதியில் இதற்கு 'பற்றாசு' என்றொரு பழைய சொல் உண்டு. ரேடியோ ரிப்பேர் கடையில் 'ஈயம் வைக்கிறது' என்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த 60/40 கம்பி 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதனால் செம்புக்கு ஒன்றும் ஆகாமல், உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஓடி நிரம்புகிறது. காற்றும் ஈரமும் உள்ளே போக இடம் இருக்காது. மின்தடை குறைந்தபடியே நிற்கும்.

ஆனால் ஈயம் பசை இல்லை. இழுவையையும் அதிர்வையும் தாங்குவது அதன் வேலை இல்லை. பலருக்கும் தப்பாவது இந்த இடத்தில்தான்.

கார் கம்பெனிகள் சால்டரிங் செய்கின்றனவா?

வயரிங் ஹார்னஸில் பெரும்பாலும் இல்லை. அங்கே வயரை டெர்மினலுக்குள் வைத்து நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் முறையும், அல்ட்ராசானிக் வெல்டிங்கும்தான். வேகம் ஒரு காரணம். அதிர்வு இன்னொரு காரணம். ஈயம் இறங்கிய பகுதி குச்சி மாதிரி விறைத்துவிடும், அதற்கு அடுத்த பகுதி வளைந்து கொடுக்கும். வண்டி அதிர அதிர, இரண்டும் சேரும் எல்லையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

அப்படியென்றால் கிரிம்பிங்கே செய்துவிடலாமே? சரியான ராட்செட் கிரிம்பிங் டூலும் அளவுக்கேற்ற டெர்மினலும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சாதா பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. நல்ல டூல் கையில் இல்லாதவர்களுக்கு, இணைப்பு ஆடாமல் இருபுறமும் கட்டி வைத்த சால்டரிங் நம்பகமானது.

என்னென்ன வேண்டும்?

- 60 வாட் அயர்ன், அல்லது வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள அயர்ன். மொபைல் சர்க்யூட்டுக்குப் போதுமான 25 வாட், கார் வயருக்குத் திணறும். தடித்த செம்பு வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.
- நடுவில் ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயக் கம்பி. ஈயமில்லாத வகை சுமார் 217 டிகிரியில்தான் உருகும் என்பதால் புதியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், வயரை அரித்துவிடும்.
- உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் டியூப், வயர் ஸ்ட்ரிப்பர், டிஜிட்டல் மல்டிமீட்டர், கேபிள் டை.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட் என எந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்தையிலும் இவை கிடைக்கும்.

எப்படிச் செய்வது?

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
2. ஹீட் ஷ்ரிங்க் டியூபை முதலிலேயே வயரில் கோத்து, தள்ளி வையுங்கள். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் முடித்தபின் தலையில் அடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு.
3. இரண்டு முனையிலும் சுமார் 2 செ.மீ. தோலைச் சீவுங்கள். உள்ளே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அழுக்கில் ஈயம் ஒட்டாது.
4. இரண்டு முனைகளையும் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். தந்திக் கம்பி காலத்து முறை இது. அமெரிக்கத் தந்தி நிறுவனமான வெஸ்டர்ன் யூனியனின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஈயம் வைக்கும் முன்பே, இழுத்தால் கழலக்கூடாது.
5. அயர்ன் நுனியில் துளி ஈயம் பூசி, இணைப்புக்குக் கீழே பிடியுங்கள். ஈயக் கம்பியை மேலிருந்து வயரில் வையுங்கள், அயர்னில் அல்ல. சூடேறிய வயர் தானே ஈயத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
6. முதலில் ஈயக் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஆறும்வரை அசைக்காதீர்கள்.
7. முழுதாக ஆறியதும் டியூபை இணைப்பின் மேல் கொண்டுவந்து, ஹாட் ஏர் கன்னால் சுருக்குங்கள்.
8. இணைப்பின் இருபுறமும் கேபிள் டை போட்டு, பக்கத்தில் உள்ள ஹார்னஸோடு கட்டுங்கள். மேலே சொன்ன அதிர்வுப் பிரச்சினைக்கு இதுதான் தீர்வு.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

டியூப் போடும் முன் பாருங்கள். ஈயத்துக்கு அடியில் இழைகளின் வடிவம் தெரிந்தால் நல்லது. உருண்டையாகத் திரண்டு மேலே உட்கார்ந்திருந்தால் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். மறுபடியும் சூடாக்க வேண்டும்.

மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும். அதனால் டியூபைச் சுருக்கும் முன் ஒருமுறை, வெற்று இணைப்பு எந்த உலோகத்திலும் படாதபடி வைத்துவிட்டு, பேட்டரியை மாட்டி லைட்டை எரிய விடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, இணைப்பின் இரண்டு பக்கமும் முனைகளை வையுங்கள். சில மில்லிவோல்ட் காட்டினால் பிரச்சினை இல்லை. 0.1 வோல்ட்டைத் தாண்டினால் பிரித்து மறுபடி செய்யுங்கள். அளந்தபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு டியூபைச் சுருக்கலாம்.

எதைத் தொடவே கூடாது?

- மஞ்சள் உறை அல்லது மஞ்சள் கனெக்டர் உள்ள ஏர்பேக் வயர்கள்.
- எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிற உயர் அழுத்த கேபிள்கள். இவை உயிரைப் பறிக்கும்.
- ஏபிஎஸ் சென்சார் வயர்கள், ஜோடியாக முறுக்கிய டேட்டா வயர்கள்.
- பெட்ரோல் குழாய், டேங்க் பக்கத்தில் எந்தச் சூட்டு வேலையும். பேட்டரி அருகிலும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரியதாக மாற்றிவிடாதீர்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் உருகும். வாரண்டியில் உள்ள கார் என்றால், வயரை வெட்டாமல் செருகக்கூடிய கப்ளர் கிட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உடம்புக்கு ஆபத்தா?

வரும் புகை பெரும்பாலும் ரோசினுடையது. மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் கைவழியாகத்தான் வயிற்றுக்குப் போகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யாதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு கற்கும் வேலை இல்லை இது. காரில் உள்ள அதே தடிமனில் இரண்டு மீட்டர் வயர் வாங்கி, வீட்டில் ஒரு பழைய பலகை மேல் வைத்து இருபது இணைப்புகள் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, ஈயம் உள்வரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து ஐந்து இணைப்புகள் சரியாக வந்தபிறகு, பானட்டைத் திறக்கலாம்.