சறுக்கக் கற்றவர்கள் - ஐஸ் ஹாக்கிப் பயிற்சியின் வரலாறு

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைத்தான் மட்டையால் அடிக்கிறார்கள். கோல் காப்பாளரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர் பனித்தளத்தில் இறங்குவார்கள். வட்டைக் கடத்துவது, அடிப்பது, தடுப்பது என்று பல திறமைகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது காலில் கட்டிய ஸ்கேட்டில் சறுக்கும் திறன். இந்தத் திறன் பிறவியிலேயே வருவதா, பயிற்சியால் வருவதா? இந்தக் கேள்விக்குக் கனடா ஒரு பதிலையும் சோவியத் யூனியன் வேறு ஒரு பதிலையும் வைத்திருந்தன. எது சரியான பதில் என்பதை வரலாறே காட்டியது.

கனடாவின் நம்பிக்கை

கூரையின் கீழ், ஒழுங்கான முறையில் நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. குளிர்காலத்தில் குளமும் குட்டையும் உறைந்துவிடும் நாடு அது. அங்கே குழந்தைகள் சிறு வயதிலேயே ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால் சறுக்குவதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு வரவில்லை. ஒருவன் வேகமாகச் சறுக்கினால் அது அவனுக்கு அமைந்த வரம், இன்னொருவன் தடுமாறினால் அவனுக்கு அமைந்தது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த எண்ணத்தை மறுத்தவர் டொரண்டோவைச் சேர்ந்த லாயிட் பெர்சிவல் என்ற பயிற்சியாளர். சறுக்குவது, வட்டைக் கடத்துவது, உடலை வலுப்படுத்துவது எல்லாவற்றையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, 1951இல் 'தி ஹாக்கி ஹேண்ட்புக்' என்ற நூலை வெளியிட்டார். கனடாவின் தொழில்முறை ஹாக்கி வட்டாரத்தில் அதற்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. கேலி செய்தவர்களும் உண்டு. விளையாட்டில் தாங்களே உலகில் சிறந்தவர்கள் என்று இருந்தவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

புதிதாக வந்த மாணவர்கள்

ரஷ்யர்களுக்குப் பனியில் ஆடுவது புதிதல்ல. கால்பந்து மைதானம் அளவுள்ள பனித்தளத்தில், அணிக்குப் பதினொரு பேர் பந்தைக் கொண்டு ஆடும் 'பாண்டி' என்ற ஆட்டம் அங்கே நெடுங்காலமாக உண்டு. ஆனால் ரப்பர் வட்டு கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியில் தேசியப் போட்டியை அவர்கள் தொடங்கியது 1946இல்தான். 1948இல் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்.டி.சி. பிராக் என்ற வலுவான அணி மாஸ்கோவுக்கு வந்து மூன்று ஆட்டங்கள் ஆடியது. மாஸ்கோ அணி ஒன்றில் வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. வந்தவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள அது நல்ல வாய்ப்பானது.

அப்போது உருவான பயிற்சியாளர்களில் முக்கியமானவர் அனடோலி தாராசோவ். கனடாவில் மதிக்கப்படாத பெர்சிவலின் நூல் அவர் கைக்குப் போனது. அவர் அதைப் பாடப்புத்தகம் போலப் படித்தார். அதிலிருந்து கற்றதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று மாஸ்கோவில் செயற்கைப் பனித்தளங்கள் போதிய அளவில் இல்லை. எனவே பனி இல்லாத மாதங்களில் வீரர்கள் தரையில் பயிற்சி செய்தார்கள். ஓடினார்கள், எடை தூக்கினார்கள், தாவினார்கள், கால்பந்தும் ஆடினார்கள். வசதிக் குறைவால் தொடங்கிய இந்தப் பழக்கமே அவர்களின் பலமானது. கால் வலுவாக இருந்தால்தான் முழங்காலை நன்றாக மடக்கிச் சறுக்க முடியும்.

1954இல் ஸ்டாக்ஹோமில் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்த சோவியத் அணி, கனடாவை 7-2 என்று வென்று பட்டத்தையும் பெற்றது. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலகப் பட்டம் அவர்களுக்கே போனது.

1972: விழித்துக்கொண்ட கனடா

அப்போதும் கனடா பெரிதாகக் கவலைப்படவில்லை. உலகப் போட்டிக்குப் போனவர்கள் அமெச்சூர் வீரர்கள்தானே, என்.எச்.எல். எனப்படும் தொழில்முறை வீரர்கள் இறங்கினால் கதையே வேறு என்றார்கள். 1972 செப்டம்பரில் அந்த வீரர்கள் இறங்கினார்கள். மொத்தம் எட்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் மாண்ட்ரியலில். ஏழு நிமிடம் முடிவதற்குள் கனடா இரண்டு கோல் போட்டது. ஆனால் ஆட்டம் முடிந்தபோது சோவியத் அணி 7-3 என்று வென்றிருந்தது. கோடை விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஆண்டு முழுதும் பயிற்சி செய்தவர்களுக்கு வேகம் குறையவே இல்லை.

கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பால் ஹெண்டர்சன் போட்ட கோலால் கனடா தொடரை 4-3 என்று வென்றது. ஓர் ஆட்டம் சமன். வென்றாலும் பழைய நம்பிக்கை உடைந்துவிட்டது. 1974இல் கனடாவின் ஹாக்கி புகழரங்கில் தாராசோவின் பெயர் சேர்க்கப்பட்டது. பெர்சிவல் காலமானதும் அதே ஆண்டில்தான்.

தன்னைத் தானே பார்ப்பது

சறுக்குவதில் அப்படி என்ன கற்க இருக்கிறது? ஸ்கேட்டின் இரும்பு அலகு சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு உள்ளது. அதன் அடிப்பகுதி நடுவில் லேசாகக் குழிந்து, இரு பக்கமும் கூரிய விளிம்புகளோடு இருக்கும். தரையில் ஓடுவது போலக் காலை நேர் பின்னால் தள்ளினால் அலகு வழுக்கிக்கொண்டு போகும், விசை கிடைக்காது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்விளிம்பை ஊன்றி, பக்கவாட்டில் தள்ள வேண்டும். கால் முழுவதும் நீண்ட பிறகு, உடலுக்கு அடியில் திரும்ப வர வேண்டும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு நீளமாகத் தள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆடுபவருக்குத் தன் தவறு தெரியாது. நன்றாகக் குனிந்திருக்கிறோம் என்று அவர் நினைப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் விறைப்பாக நிற்பது தெரியும்.

இதைப் பார்த்துத் திருத்த வந்தவர்களில் பலர் ஹாக்கி ஆடியவர்கள் அல்ல. இசைக்கேற்பப் பனியில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்ற பெண்கள். அமெரிக்காவின் லாரா ஸ்டாம் 1970களில் ஹாக்கி வீரர்களுக்கு விளிம்புகளைப் பயன்படுத்தும் முறையைக் கற்பித்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் பாப் நைஸ்ட்ரம். சறுக்குவதில் பலவீனமானவர் என்று பெயர் எடுத்திருந்த அவர், தொழில்முறை வீரரான பிறகும் அடிப்படையிலிருந்து கற்கத் தயங்கவில்லை. 1980 மே 24 அன்று, கூடுதல் நேரத்தில் கோல் போட்டு ஐலண்டர்ஸுக்கு முதல் ஸ்டான்லி கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அவரே.

அதற்குள் வீடியோவும் வந்துவிட்டது. 1977இல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக வந்த ராஜர் நீல்சன், ஆட்டங்களைப் பதிவு செய்து போட்டுப் பார்ப்பதால் 'கேப்டன் வீடியோ' என்றே அழைக்கப்பட்டார். பின்னாளில், 1984இல் ஜோடி ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற பார்பரா அண்டர்ஹில், வீரர்கள் சறுக்குவதைப் படம்பிடித்து அவர்களுக்கே காட்டித் திருத்தினார். அவரிடம் பயின்ற நியூயார்க் ரேஞ்சர்ஸ் வீரர் பிரையன் பாயில், 2009-10இல் 4 கோல் போட்டவர், அடுத்த பருவத்தில் 21 கோல் போட்டார்.

முடிவாக

பெர்சிவலின் நூல் கனடாவில் எழுதப்பட்டது, மாஸ்கோவில் படிக்கப்பட்டது. எழுதிய நாட்டுக்கு அதன் அருமை புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கனடியர்களுக்குத் திறமையில் குறைவில்லை. தங்களுக்கு இனிக் கற்க ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் தடையாக நின்றது. எந்தத் துறையிலும் இது நடக்கக்கூடியதுதான். தன் குறையைப் பார்க்கத் துணிந்தவர் பிந்தி வந்தாலும் முந்திவிடுகிறார்.