வருஷம் 16

வருஷம் 16: 1989-இல் வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் பாசில், இசை இளையராஜா. கார்த்திக், குஷ்பு, பூர்ணம் விஸ்வநாதன், ஜனகராஜ் முதலானோர் நடித்தனர். பாசில் 1986-இல் மலையாளத்தில் இயக்கிய ‘என்னென்னும் கண்ணேட்டன்டே’ படத்தின் மறுஆக்கம்.

கோயில் திருவிழாவுக்காகத் தாத்தா வீட்டுக்கு வரும் கண்ணன், உறவினர் நிறைந்த அக்கூட்டுக்குடும்பத்தில் ராதிகாவைக் காதலிக்கிறான். பிள்ளைகளின் குறும்பும் பெரியவர்களின் அதட்டலுமாக நகைச்சுவையோடு நகரும் கதை, குடும்பப் பகையால் சோகத்தில் முடிகிறது. படப்பிடிப்பு கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் நடந்தது. அதன் மரத்தூண்களும் முற்றங்களுமே கதையின் வீடாயின. கே. ஜே. யேசுதாஸ் பாடிய ‘பழமுதிர்ச்சோலை’ பெரும் புகழ்பெற்றது. குஷ்புவுக்குத் தமிழில் நிலையான இடத்தைத் தேடித்தந்த தொடக்ககாலப் படங்களுள் இதுவும் ஒன்று.