தேமுதிக – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்

தேசிய முற்போக்கு திராவிட கழகம் (தேமுதிக): திமுக, அதிமுக இரண்டுக்கும் மாற்றாக நடிகர் விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய மாநிலக் கட்சி. சின்னம் முரசு. கொள்கை வகையில் மிதவாத நடுநிலைக் கட்சியாகக் கொள்ளலாம்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்று சுமார் 8% வாக்கு பெற்றது. வென்ற தொகுதியோ விருத்தாசலம் ஒன்றுதான். 2009 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 10% வாக்கு கிடைத்தும் ஓர் இடமும் இல்லை. அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில், மாநிலம் முழுக்கச் சிதறிய ஆதரவு இடங்களாக மாறுவதில்லை.

கூட்டணி இந்தத் தடையை நீக்கியது. 2011இல் அதிமுக அணியில் 41 தொகுதிகளில் நின்று 29 வென்றது. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த கும்மிடிப்பூண்டியில் சி.எச்.சேகரும், திருத்தணியில் மு.அருண் சுப்பிரமணியனும் வென்றனர். திருவள்ளூர் மாவட்டத்தில் கட்சியின் உச்சம் இதுவே.

சரிவு விரைவாக வந்தது. அதிமுகவுடன் உறவு முறிந்தது. உறுப்பினர் பலர் விலகினர். 2016இல் கட்சி, திமுகவும் அதிமுகவும் இல்லாத மக்கள் நலக் கூட்டணியுடன் சேர்ந்ததை எதிர்த்துப் பிரிந்த சேகர், திமுக அணியில் அதே கும்மிடிப்பூண்டியில் நின்று அதிமுகவின் கே.எஸ்.விஜயகுமாரிடம் தோற்றார். 104 தொகுதிகளில் நின்ற தேமுதிக எதிலும் வெல்லவில்லை. ஒரே தலைவரின் செல்வாக்கை நம்பிய அமைப்பு, பெரிய கட்சிகளின் ஈர்ப்பைத் தாங்க முடியாததே சரிவின் முதன்மைக் காரணம்.

விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று காலமானார். 2024இல், கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் சசிகாந்த் செந்தில் வென்றார்; அதிமுக அணியில் நின்ற தேமுதிக மூன்றாமிடம் பெற்றது.